மனிதப் பப்பிலோமா வைரசும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயும்

க.பொ.த. (சாதாரண தர) விஞ்ஞானம், சுகாதாரமும் உடற்கல்வியும் ஆகிய இரு பாடங்களையும் கற்கும் மாணவர்களுக்குரிய விளக்கக் கட்டுரை



நோய்களைத் தொற்றும் நோய்கள், தொற்றா நோய்கள் என இரண்டாக வகைப்படுத்தக் கற்றிருக்கிறீர்கள். தடிமன், சின்னம்மை, டெங்கு என்பன முதலாம் வகை. நீரிழிவு, உயர் குருதியமுக்கம், புற்றுநோய் என்பன இரண்டாம் வகை. இவ்வகைப்படுத்தலை மனப்பாடம் செய்த மாணவர் ஒருவரிடம், "வைரசு ஒன்றினால் புற்றுநோய் ஏற்படுமா?" என்று வினவினால் அவர் தடுமாறக்கூடும். தொற்றா நோயான புற்றுநோய்க்கு வைரசு எவ்வாறு காரணமாகலாம்?

இவ்வினாவுக்குச் சரியான விடையைத் தருவது கருப்பைக் கழுத்துப் புற்றுநோய். இங்கு ஒருவரிலிருந்து மற்றவருக்குத் தொற்றுவது வைரசு மட்டுமே. புற்றுநோய் தொற்றுவதில்லை. தொற்றிய வைரசு உடலில் நீண்ட காலம் தங்கி நின்றால், அங்குள்ள கலங்கள் காலப்போக்கில் புற்றுநோய்க் கலங்களாக மாறலாம். ஆகவே, "தொற்றினால் தூண்டப்படும் தொற்றா நோய்" என இதனைக் குறிப்பிடலாம். இந்நோயைத் தடுக்க முடியும், முன்கூட்டியே கண்டறிய முடியும், ஆரம்பத்தில் குணப்படுத்தவும் முடியும். அவ்வாறிருந்தும், உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2022 ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 660,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாக ஏற்பட்டது. ஏறத்தாழ 350,000 பெண்கள் இறந்தனர். இறப்புகளில் மிகப் பெரும்பாலானவை வருமானம் குறைந்த, நடுத்தர வருமானமுள்ள நாடுகளிலேயே நிகழ்ந்தன. எனவே இவ்விடயத்தைப் பரீட்சைக்காக மட்டுமன்றி உங்கள் குடும்பத்தின் நலனுக்காகவும் விளங்கிக்கொள்ளுங்கள்.

1. கருப்பைக் கழுத்து

பெண் இனப்பெருக்கத் தொகுதியின் படத்தை ஒருமுறை மனக்கண் முன் கொண்டு வாருங்கள். கருப்பையின் கீழ்ப்புற ஒடுங்கிய பகுதி யோனிமடலினுள் திறக்கின்றது. இப்பகுதியே கருப்பைக் கழுத்து எனப்படும். இதன் வெளிப்புறத்தைப் பல படைகளாலான தட்டையான மேலணிக் கலங்கள் மூடியுள்ளன. உட்புறக் கால்வாயை ஒரு படையாலான கம்ப வடிவ மேலணிக் கலங்கள் போர்த்துள்ளன. இவ்விரு வகை மேலணிகளும் சந்திக்கும் இடம் மாறு வலயம் எனப்படும். இங்கு ஒரு வகைக் கலம் மற்றைய வகைக் கலத்தால் பிரதியீடு செய்யப்படுவது வழமை. கலப்பிரிவும் மாற்றமும் அதிகமாக நடைபெறும் இவ்வலயத்திலேயே பெரும்பாலான கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்கள் ஆரம்பிக்கின்றன.

பல படை மேலணியில் அடியிலுள்ள கலங்கள் மட்டுமே இழையுருப்பிரிவு அடைகின்றன என்பதைக் கவனியுங்கள். அவற்றிலிருந்து தோன்றும் புதிய கலங்கள் படிப்படியாக மேல் நோக்கித் தள்ளப்படுகின்றன. மேலே செல்லும்போது அவை பிரிவதை நிறுத்தி, முதிர்ந்து, இறுதியில் உதிர்கின்றன. வைரசின் செயற்பாட்டை விளங்கிக்கொள்ள இந்த ஒழுங்கு அவசியம்.

2. புற்றுநோய் என்றால் என்ன?

உடலிலுள்ள ஒவ்வொரு கலமும் எப்போது பிரிய வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும், எப்போது இறக்க வேண்டும் என்பவற்றை அதன் கருவிலுள்ள பரம்பரை அலகுகள் தீர்மானிக்கின்றன. இக்கட்டுப்பாடு இழக்கப்பட்டு, கலங்கள் எல்லையின்றிப் பிரிந்து, அயலிலுள்ள இழையங்களை ஊடுருவி, குருதி, நிணநீர் வழியே வேறு அங்கங்களுக்கும் பரவக்கூடிய நிலை புற்றுநோய் எனப்படும்.

கலப்பிரிவைக் கட்டுப்படுத்தும் புரதங்களுள் இரண்டை நீங்கள் அறிந்திருத்தல் நன்று.

(அ) ஆர்பி புரதம்: இது கலச்சக்கரத்தின் தடுப்பு ஆகும். பஸ் வண்டியின் பிரேக்கை அழுத்திப் பிடித்திருக்கும் கால் போன்று, கலம் தேவையின்றி டீ.என்.ஏ.யை இரட்டிக்கத் தொடங்காமல் தடுத்து வைத்திருக்கும்.

(ஆ) பி53 புரதம்: இது கலத்தின் பரிசோதகர். டீ.என்.ஏ.யில் சேதம் ஏற்பட்டால் கலச்சக்கரத்தை நிறுத்தித் திருத்தத்துக்கு அவகாசம் அளிக்கும். திருத்த முடியாத சேதம் எனின், அக்கலம் தன்னைத் தானே அழித்துக்கொள்ளத் தூண்டும். இது திட்டமிட்ட கல இறப்பு எனப்படும்.

இவ்விரு புரதங்களும் ஒரே நேரத்தில் செயலிழந்தால் என்ன நடக்கும்? கலம் நிற்காமல் பிரியும்; பிழைகளைப் பரிசோதிக்கவும் எவரும் இல்லை. மனிதப் பப்பிலோமா வைரசு துல்லியமாக இவ்விரண்டையுமே தாக்குகின்றது.

3. மனிதப் பப்பிலோமா வைரசு

இது சுருக்கமாக எச்.பி.வி. எனப்படும். இதன் இயல்புகள் வருமாறு:

• விட்டம் ஏறத்தாழ 55 நனோமீற்றர். ஒளி நுணுக்குக்காட்டியால் பார்க்க முடியாது.
• பாரம்பரியப் பதார்த்தம் வட்ட வடிவான இரட்டை இழை டீ.என்.ஏ. ஆகும். இதில் ஏறத்தாழ 8,000 மூலச் சோடிகள் உள்ளன.
• டீ.என்.ஏ.யைச் சுற்றிப் புரத உறை உண்டு. இவ்வுறையின் பிரதான புரதம் எல்1 எனப்படும். கொழுப்பாலான வெளியுறை இல்லை.
• மேலணிக் கலங்களை மட்டுமே தொற்றும்.

இவ்வைரசில் 200 இற்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் இலக்கம் இடப்பட்டுள்ளது. கை, கால்களில் தோன்றும் சாதாரண பாலுண்ணிகளும் இவ்வைரசின் சில வகைகளால் ஏற்படுபவையே. அவை புற்றுநோயை ஏற்படுத்துவதில்லை. இனப்பெருக்க அங்கங்களைத் தொற்றும் வகைகளை இரு பிரிவாக நோக்கலாம்.

குறைந்த ஆபத்துடைய வகைகள்: 6, 11 போன்றவை. இனப்பெருக்க உறுப்புப் பகுதியில் பாலுண்ணிகளை ஏற்படுத்தும்.

அதிக ஆபத்துடைய வகைகள்: 16, 18 ஆகியன பிரதானமானவை. இவற்றோடு 31, 33, 45, 52, 58 முதலிய வேறு வகைகளும் உண்டு. உலகில் ஏற்படும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 70% இற்கு 16 ஆம், 18 ஆம் வகைகளே காரணமாகும்.

4. தொற்று எவ்வாறு ஏற்படுகின்றது?

இவ்வைரசு பிரதானமாகப் பாலியல் தொடர்பின்போது தோலும் சீதமென்சவ்வும் தொடுகையுறுவதால் கடத்தப்படுகின்றது. ஆணுறை ஆபத்தைக் குறைக்கும். ஆனால் அது மூடாத தோற்பகுதி வழியே வைரசு கடத்தப்படலாம் என்பதால் முழுமையான பாதுகாப்பு அளிக்காது. தொற்றுக்குள்ளானவரிடம் பெரும்பாலும் எவ்வித அறிகுறியும் காணப்படாது. எனவே தம்மிடம் வைரசு உள்ளதை அறியாமலே ஒருவர் அதனை மற்றவருக்குக் கடத்தலாம்.

மேலணியில் ஏற்படும் கண்ணுக்குத் தெரியாத சிறு காயங்கள் ஊடாக வைரசு உட்சென்று அடிக்கலங்களை அடைகின்றது. அங்கு அதன் டீ.என்.ஏ. கலத்தின் கருவினுள் புகுகின்றது.

இங்கு ஒரு முக்கிய உண்மையை மறவாதீர்கள். எச்.பி.வி. தொற்று மிகச் சாதாரணமானது. பாலியல் தொடர்பில் ஈடுபடும் ஆண்கள், பெண்கள் பெரும்பாலானோர் வாழ்நாளில் ஒரு தடவையேனும் இதன் ஏதாவதொரு வகையால் தொற்றுக்குள்ளாகின்றனர். ஏறத்தாழ 90% ஆன தொற்றுகளை உடலின் நிர்ப்பீடனத் தொகுதி இரண்டு ஆண்டுகளுக்குள் கட்டுப்படுத்தி விடுகின்றது. ஆகவே "தொற்று ஏற்பட்டால் புற்றுநோய் நிச்சயம்" என்பது தவறு. எஞ்சிய சிலரில் அதிக ஆபத்துடைய வகை ஒன்று பல ஆண்டுகள் நிலைத்து நிற்கும்போதே ஆபத்து ஆரம்பமாகின்றது. இது நிலைத்த தொற்று எனப்படும்.

5. வைரசு கலத்தை எவ்வாறு மாற்றுகின்றது?

வைரசுக்குச் சொந்தமாக டீ.என்.ஏ.யை இரட்டிக்கும் உபகரணத் தொகுதி இல்லை. அது விருந்து வழங்கிக் கலத்தின் நொதியங்களையே பயன்படுத்த வேண்டும். ஆனால் மேலணியின் மேற்படைக் கலங்கள் பிரிவதை நிறுத்திவிட்டவை. அவற்றில் அந்நொதியங்கள் செயற்படுவதில்லை. எனவே வைரசு தன்னைப் பெருக்கிக்கொள்வதற்காக, ஓய்வுக்குச் செல்ல வேண்டிய கலத்தை மீண்டும் கலச்சக்கரத்தினுள் தள்ளுகின்றது. இதற்கென அதனிடம் இரு புரதங்கள் உள்ளன.

ஈ7 புரதம்: இது ஆர்பி புரதத்துடன் இணைந்து அதனைச் செயலிழக்கச் செய்யும். தடுப்பு நீங்குவதால் கலம் டீ.என்.ஏ.யை இரட்டிக்க ஆரம்பிக்கும்.

ஈ6 புரதம்: கலம் ஒழுங்கின்றிப் பிரிய முற்படும்போது சாதாரணமாக பி53 தலையிட்டு அக்கலத்தை அழித்துவிடும். ஈ6 புரதமோ கலத்தின் சொந்தக் கழிவகற்றும் பொறிமுறையைப் பயன்படுத்தி பி53 ஐச் சிதைக்கச் செய்கின்றது.

சாதாரண தொற்றில் வைரசின் டீ.என்.ஏ. தனி வட்டமாகவே கலத்தில் இருக்கும். வைரசின் ஈ2 எனும் வேறொரு புரதம் ஈ6, ஈ7 ஆகியவற்றின் அளவைக் கட்டுப்படுத்தி வைத்திருக்கும். நிலைத்த தொற்றில் சில வேளைகளில் இவ்வட்டம் உடைந்து மனித நிறமூர்த்தத்துடன் இணைந்துவிடுகின்றது. உடைவு ஈ2 இற்குரிய பரம்பரை அலகில் ஏற்படும்போது கட்டுப்பாடு இல்லாமற் போகின்றது. அதன் பின் ஈ6, ஈ7 ஆகியன பெருமளவில் உற்பத்தியாகின்றன.

இவ்வாறு ஆன கலம் உடனடியாகப் புற்றுநோய்க் கலம் ஆகிவிடுவதில்லை. பரிசோதகர் இல்லாத நிலையில் அது பிரியப் பிரிய டீ.என்.ஏ.யில் விகாரங்கள் ஒன்றன் மேல் ஒன்றாகச் சேருகின்றன. போதிய விகாரங்கள் சேர்ந்த ஏதோவொரு கலமே இறுதியில் புற்றுநோய்க் கலமாகின்றது. இதற்கு நீண்ட காலம் எடுப்பதன் காரணம் இதுவே. இதனால் வைரசுக்கும் எந்த நன்மையும் இல்லை. நிறமூர்த்தத்துடன் இணைந்து உடைந்த வைரசு டீ.என்.ஏ.யினால் புதிய வைரசுகளை உருவாக்க முடியாது. புற்றுநோய் என்பது வைரசின் நோக்கமன்று. அதன் பெருக்கச் செயன்முறை தடம் மாறியதன் விளைவு.

6. படிமுறைகள்

(1) அதிக ஆபத்துடைய எச்.பி.வி. வகையால் தொற்று ஏற்படல்.
(2) பெரும்பாலானோரில் நிர்ப்பீடனத்தால் கட்டுப்படுத்தப்படல். சிலரில் தொற்று நிலைத்தல்.
(3) மேலணிக் கலங்களில் அசாதாரண மாற்றங்கள் தோன்றல். இது புற்றுநோய்க்கு முந்திய நிலை. இலேசான, நடுத்தர, கடுமையான மாற்றங்கள் என மூன்று தரங்கள் உண்டு. இலேசான மாற்றங்களில் பெரும்பாலானவை தாமாகவே மறைந்துவிடும்.
(4) மாற்றமடைந்த கலங்கள் மேலணியின் அடித்தள மென்சவ்வைக் கடந்து கீழுள்ள இழையத்தை ஊடுருவல். இப்போதே இது புற்றுநோய் எனப்படும்.
(5) சிகிச்சையளிக்காவிடில் அயலிலுள்ள அங்கங்களுக்கும், நிணநீர்க் கணுக்களுக்கும், பின்னர் நுரையீரல், ஈரல் போன்ற தூர அங்கங்களுக்கும் பரவல்.

சாதாரண நிர்ப்பீடனமுள்ள பெண்ணொருவரில் தொற்றிலிருந்து புற்றுநோய் வரை பொதுவாக 15 தொடக்கம் 20 ஆண்டுகள் செல்லும். நிர்ப்பீடனம் குன்றியவரில் இது 5 தொடக்கம் 10 ஆண்டுகளாகக் குறையலாம்.

கடுமையான முந்திய நிலைக்குச் சிகிச்சை அளிக்காவிடில் என்னவாகும்? நியூசிலாந்தில் முன்னைய தசாப்தங்களில் போதிய சிகிச்சை அளிக்கப்படாமல் விடப்பட்ட பெண்களின் பதிவேடுகள் பிற்காலத்தில் ஆராயப்பட்டன. 2008 இல் வெளியான அவ்வாய்வின்படி, அத்தகைய பெண்களில் ஏறத்தாழ 31% ஆனோருக்கு 30 ஆண்டுகளுக்குள் புற்றுநோய் ஏற்பட்டிருந்தது. உரிய சிகிச்சை பெற்றவர்களில் இது 1% இற்கும் குறைவு. உரிய காலத்தில் கண்டறிந்து சிகிச்சை பெறுவதன் பெறுமதியை இவ்விரு எண்களும் காட்டுகின்றன.

7. இத்தொடர்பு எவ்வாறு கண்டறியப்பட்டது?

விஞ்ஞான முறையின் படிகளான அவதானம், கருதுகோள், பரிசோதனை, முடிவு ஆகியவற்றை விளக்குவதற்கு இது சிறந்த உதாரணம்.

அவதானம்: 1842 ஆம் ஆண்டில் இத்தாலிய வைத்தியர் ரிகோனி-ஸ்ரேர்ன், வெரோனா நகரின் இறப்புப் பதிவேடுகளை ஆராய்ந்தபோது கருப்பைப் புற்றுநோய் திருமணமான பெண்களில் அதிகமாகவும் கன்னியாஸ்திரிகளில் அரிதாகவும் இருப்பதைக் கண்டார். அக்காலத்தில் வைரசுகள் பற்றி எவரும் அறிந்திருக்கவில்லை.

கருதுகோள்: பாலியல் தொடர்பால் கடத்தப்படும் ஏதோவொன்று இந்நோய்க்குக் காரணமாகலாம் எனப் பிற்காலத்தில் கருதப்பட்டது. 1970 களில் பலர் ஹேர்பிஸ் வைரசையே சந்தேகித்தனர். ஜேர்மனிய விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசன் புற்றுநோய்க் கலங்களில் அவ்வைரசின் டீ.என்.ஏ.யைத் தேடினார், கிடைக்கவில்லை. எனவே பப்பிலோமா வைரசே காரணம் எனும் வேறொரு கருதுகோளை முன்வைத்தார்.

பரிசோதனை: அவரது குழுவினர் 1983 இல் 16 ஆம் வகையையும் 1984 இல் 18 ஆம் வகையையும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் இழையங்களில் கண்டறிந்தனர். இதற்காக அவருக்கு 2008 ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசின் பாதி வழங்கப்பட்டது. மறுபாதியை எச்.ஐ.வி.யைக் கண்டறிந்த இரு பிரெஞ்சு விஞ்ஞானிகள் பெற்றனர். சூர் ஹவுசன் 2023 இல் காலமானார்.

உறுதிப்படுத்தல்: 1951 இல் அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில் ஹென்றியேற்றா லக்ஸ் எனும் 31 வயதுத் தாய் இந்நோயால் இறந்தார். அவரது கட்டியிலிருந்து, அவரது அனுமதி பெறாமலே எடுக்கப்பட்ட கலங்கள் ஆய்வுகூடத்தில் இன்று வரை பிரிந்துகொண்டே இருக்கின்றன. அவை ஹீலா கலங்கள் எனப்படும். இக்கலங்களில் 18 ஆம் வகை வைரசின் டீ.என்.ஏ. இருப்பது பிற்காலத்தில் கண்டறியப்பட்டது. ஆய்வுகூடத்தில் இக்கலங்களின் ஈ6, ஈ7 உற்பத்தியை அடக்கியபோது அவை பிரிவதை நிறுத்தின. அதாவது பல தசாப்தங்கள் கடந்த பின்பும் அக்கலங்களின் ஓயாத பிரிவுக்கு அவ்விரு வைரசுப் புரதங்களும் தேவைப்படுகின்றன.

8. துணைக் காரணிகள்

எச்.பி.வி. தொற்று இந்நோய்க்கு ஏறத்தாழ எப்போதும் அவசியமான காரணியாகும். ஆனால் அது மட்டும் போதுமானதன்று. பின்வருவன ஆபத்தை அதிகரிக்கும்:

• புகைத்தல்
• எச்.ஐ.வி. தொற்று போன்றவற்றால் நிர்ப்பீடனம் குன்றல். எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு ஆபத்து ஏறத்தாழ ஆறு மடங்கு ஆகும்.
• இளம் வயதில் பாலியல் தொடர்பு ஆரம்பமாதல்
• பல தடவை பிள்ளைப்பேறு
• கருத்தடை மாத்திரைகளை நீண்ட காலம் உட்கொள்ளல்

9. தடுத்தலும் முன்கூட்டியே கண்டறிதலும்

(அ) தடுப்பூசி

வைரசின் எல்1 புரதத்தை ஆய்வுகூடத்தில் தனியே உற்பத்தி செய்தால், அப்புரத மூலக்கூறுகள் தாமாகவே ஒன்று சேர்ந்து வைரசின் உறையைப் போன்ற வெற்றுக்கோளங்களை உருவாக்கும். அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் இயன் பிரேசரும் ஜியான் சோவும் 1991 இல் இவ்வழியைக் காட்டினர். இக்கோளத்தினுள் டீ.என்.ஏ. இல்லை. எனவே அதனால் தொற்றையோ புற்றுநோயையோ ஏற்படுத்த முடியாது. ஆயினும் உடல் அதனை வைரசு எனக் கருதிப் பிறபொருளெதிரிகளையும் ஞாபகக் கலங்களையும் உருவாக்கும். பின்னர் உண்மையான வைரசு வந்தால், அது மேலணிக் கலத்தினுள் புகுமுன்பே தடுக்கப்படும்.

இத்தடுப்பூசி முதன்முதலில் 2006 இல் பாவனைக்கு அனுமதிக்கப்பட்டது. இலங்கையில் 2017 ஆம் ஆண்டு தேசிய நோய்த்தடுப்பு நிகழ்ச்சித்திட்டத்தில் சேர்க்கப்பட்டு, தரம் 6 மாணவிகளுக்குப் பாடசாலையிலேயே ஆறு மாத இடைவெளியில் இரு தடவைகள் வழங்கப்படலாயிற்று. இதனை வாசிக்கும் மாணவிகளில் பலர் அதனைப் பெற்றிருப்பீர்கள். அன்று கையில் ஏற்பட்ட சிறு வலி ஞாபகம் இருக்கலாம். அது எதற்கானது என்பதை இப்போது அறிந்துகொண்டீர்கள். பெறத் தவறியவர்கள் பெற்றோருடன் உங்கள் பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் விசாரியுங்கள்.

"சிறு பிள்ளைகளுக்கு இவ்வூசி எதற்கு?" எனச் சில பெற்றோர் வினவுவர். விடை எளிது. இவ்வூசி தொற்றைத் தடுக்குமேயன்றி ஏற்கெனவே உள்ள தொற்றை நீக்காது. ஆகவே வைரசைச் சந்திப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே நிர்ப்பீடனம் உருவாகியிருக்க வேண்டும். அத்தோடு இளம் வயதில் உடலின் நிர்ப்பீடனத் துலங்கலும் வலிமையானது.

இதன் பயன் நிரூபிக்கப்பட்டுள்ளது. 12, 13 வயதில் தடுப்பூசி பெற்ற இங்கிலாந்துப் பெண்களில் இந்நோய் 87% ஆல் குறைந்திருந்ததாக 2021 இல் ஆய்வொன்று காட்டியது. ஸ்கொட்லாந்தில் அவ்வயதில் முழுமையாகத் தடுப்பூசி பெற்ற பெண்களில் ஒருவருக்கேனும் இந்நோய் ஏற்பட்டதாகப் பதிவாகவில்லை என 2024 இல் அறிவிக்கப்பட்டது.

(ஆ) பப் பரிசோதனை

கருப்பைக் கழுத்தின் மேற்பரப்பிலிருந்து சில கலங்களைச் சுரண்டியெடுத்து, சாயமூட்டி, நுணுக்குக்காட்டியால் பரிசோதிப்பதே இது. கிரேக்கத்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய வைத்தியர் ஜோர்ஜ் பபனிக்கொலாவு இதனை உருவாக்கியதால் அவரது பெயரின் முதற்பகுதி இதற்கு இடப்பட்டது. சில நிமிடங்களில் முடியும் இப்பரிசோதனையில் புற்றுநோய்க்கு முந்திய நிலையையே கண்டறியலாம். வைரசின் டீ.என்.ஏ. உள்ளதா என நேரடியாகப் பார்க்கும் பரிசோதனையும் இப்போது உண்டு.

இலங்கையில் 1996 இல் ஆரம்பிக்கப்பட்ட சுகவனிதையர் சிகிச்சை நிலையங்களில் இச்சேவை இலவசமாக வழங்கப்படுகின்றது. 35 வயதையும் 45 வயதையும் அடையும் பெண்கள் இதற்கென விசேடமாக அழைக்கப்படுகின்றனர். ஆனால் அழைக்கப்படும் அனைவரும் செல்வதில்லை. "எனக்கு ஒரு வருத்தமும் இல்லையே" என்பர் சிலர். வெட்கத்தால் தவிர்ப்பர் வேறு சிலர். வருத்தம் எதுவும் இல்லாத காலமே இப்பரிசோதனைக்கு உகந்த காலம் என்பதை மேலே கற்ற படிமுறைகளிலிருந்து நீங்களே விளக்க முடியும். உங்கள் அம்மாவோ சித்தியோ பெரியம்மாவோ 35 வயதைக் கடந்தவராயின், இதுபற்றிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்குமாறு சொல்லுங்கள். தடுப்பூசி அறிமுகமாகுமுன் வளர்ந்த அத்தலைமுறைக்கு இப்பரிசோதனையே பிரதான பாதுகாப்பு. தடுப்பூசி எல்லா வகைகளையும் தடுப்பதில்லை என்பதால் அதைப் பெற்றவர்களும் உரிய வயதில் பரிசோதனை செய்தல் வேண்டும்.

(இ) அறிகுறிகள்

ஆரம்ப நிலையில் பெரும்பாலும் அறிகுறிகள் இரா. பின்னர் மாதவிடாய்க்கு இடைப்பட்ட காலத்தில் குருதி வெளியேறல், மாதவிடாய் நின்ற பின் குருதி வெளியேறல், பாலுறவின் பின் குருதி வெளியேறல், துர்நாற்றமுள்ள வெளியேற்றம், இடுப்புப் பகுதியில் தொடர்ச்சியான வலி என்பன தோன்றலாம். இவற்றுக்கு வேறு காரணங்களும் உண்டு. எவ்வாறாயினும் மறைக்காமல் வைத்தியரை நாடுதல் அவசியம். சத்திரசிகிச்சை, கதிர்ச் சிகிச்சை, மருந்துச் சிகிச்சை ஆகியன இந்நோய்க்கு அளிக்கப்படுகின்றன.

2020 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் இந்நோயை ஒழிப்பதற்கான உலகளாவிய திட்டத்தை வெளியிட்டது. 2030 இல் அடைய வேண்டிய இலக்குகள்: 90% சிறுமிகளுக்கு 15 வயதுக்கு முன் தடுப்பூசி, 70% பெண்களுக்கு 35, 45 வயதுகளில் தரமான பரிசோதனை, நோய் காணப்பட்ட பெண்களில் 90% ஆனோருக்குச் சிகிச்சை. இதனை 90-70-90 என நினைவில் வைத்திருங்கள்.

10. தவறான கருத்துகளும் சரியான விளக்கங்களும்

"இந்நோய் வந்தவர் ஒழுக்கம் தவறியவர்." தவறு. இவ்வைரசு மிகச் சாதாரணமானது. கணவர் ஒருவரைத் தவிர வேறெவருடனும் தொடர்பில்லாத பெண்ணுக்கும் தொற்றலாம். தொற்று ஏற்பட்டுப் பல ஆண்டுகளின் பின் நோய் வெளிப்படுவதால் அது எப்போது, யாரிடமிருந்து வந்தது எனக் கூறவும் முடியாது. இத்தகைய பேச்சுக்குப் பயந்தே பல பெண்கள் வைத்தியரிடம் செல்லத் தாமதிக்கின்றனர். அத்தாமதம் உயிரைப் பறிக்கும்.

"நோயாளியுடன் ஒரே கோப்பையில் அருந்தினால் புற்றுநோய் தொற்றும்." தவறு. புற்றுநோய் அவ்வாறு தொற்றுவதில்லை. நோயாளியை ஒதுக்கி வைக்க எவ்விதத் தேவையும் இல்லை.

"இது பெண்களின் பிரச்சினை, மாணவர்கள் அறிய வேண்டியதில்லை." தவறு. ஆண்களும் இவ்வைரசால் தொற்றுக்குள்ளாகிக் கடத்துகின்றனர். ஆண்களில் தொண்டை, ஆண்குறி, குதம் ஆகியவற்றில் ஏற்படும் சில புற்றுநோய்களுக்கும் இதுவே காரணம்.

11. பயிற்சி வினாக்களும் விடைகளும்

(1) எச்.பி.வி. தொற்றுக்கு நுண்ணுயிர்கொல்லி மருந்துகளை வழங்குவதால் பயனில்லை. ஏன்?
விடை: நுண்ணுயிர்கொல்லிகள் பற்றீரியாக்களின் கலச்சுவர் போன்ற கட்டமைப்புகளையும் அவற்றின் செயன்முறைகளையும் தாக்குபவை. வைரசுகளுக்குக் கலக்கட்டமைப்பு இல்லை.

(2) பின்வருவனவற்றுள் ஈ6 புரதத்தின் செயல் எது?
(i) ஆர்பி புரதத்தைச் செயலிழக்கச் செய்தல் (ii) பி53 புரதத்தைச் சிதைக்கச் செய்தல் (iii) வைரசின் உறையை ஆக்கல் (iv) பிறபொருளெதிரிகளை உருவாக்கல்
விடை: (ii)

(3) அதிக ஆபத்துடைய எச்.பி.வி. தொற்றுள்ள 1,000 பெண்களைக் கருதுக. இரண்டு ஆண்டுகளுக்குள் 90% ஆனோரில் தொற்று கட்டுப்படுத்தப்படுமாயின், நிலைத்த தொற்றுள்ளவர்கள் எத்தனை பேர்? அவர்கள் அனைவருக்கும் புற்றுநோய் ஏற்படுமா?
விடை: 1,000 − 900 = 100 பேர். அனைவருக்கும் ஏற்படாது. விகாரங்கள் சேர்தல், நிர்ப்பீடன நிலை, புகைத்தல் போன்ற வேறு காரணிகளும் தேவை.

(4) பெண்ணொருவர் 22 வயதில் தொற்றுக்குள்ளாகி 41 வயதில் புற்றுநோயாளியாக இனங்காணப்பட்டார். இந்நீண்ட இடைவெளி (அ) ஏன் ஏற்பட்டது? (ஆ) சுகாதாரத் துறைக்கு எவ்வாறு சாதகமாகின்றது?
விடை: (அ) புற்றுநோய்க் கலம் உருவாகப் பல கலப்பிரிவுகளில் பல விகாரங்கள் சேர வேண்டும். (ஆ) இடைப்பட்ட காலத்தில் பப் பரிசோதனை மூலம் முந்திய நிலையைக் கண்டறிந்து சிகிச்சை அளிக்கலாம்.

(5) தடுப்பூசியில் உள்ள துணிக்கைகளால் நோய் ஏற்படாது. காரணம் தருக.
விடை: அவை எல்1 புரதத்தாலானவை. வைரசின் டீ.என்.ஏ. இன்மையால் கலத்தினுள் பெருக முடியாது. ஈ6, ஈ7 புரதங்களும் உருவாகா.

விடை எழுதும்போது கவனிக்க: "எச்.பி.வி. புற்றுநோயை உண்டாக்கும்" என மட்டும் எழுதினால் விடை முழுமையாகாது. "அதிக ஆபத்துடைய வகையின் நிலைத்த தொற்று" என எழுதப் பழகுங்கள். "நிலைத்த" எனும் அச்சொல்லிலேயே நோயின் காரணமும் அதனைத் தடுப்பதற்குரிய கால அவகாசமும் அடங்கியுள்ளன.